அறுபதுக்கு மூன்று குறைவு

“அடி விழுறதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா, விழுந்ததுக்கு அப்புறமா வந்திருக்கீங்களா?”

முகப்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெண் இப்படிக் கேட்டபோது தையல்காரி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். ஒன்றின் மேல் ‘முன்’ என்றும் மற்றதன் மேல் ‘பின்’ என்றும் எழுதியிருந்தது. இரண்டிலும் கூட்டம் இல்லை.

பக்கத்தில் தங்கச்சி நின்றிருந்தாள். இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துப் போட்டிருந்த கட்டு தெரியாமல் கையைச் சால்வைக்குள் மறைத்திருந்தாள்.

“போன அடி மூணு வாரத்துக்கு முன்னாடி மேடம். அடுத்தது வர்ற சனிக்கிழமை,” என்றாள் தையல்காரி. “அப்ப நாங்க எந்த ஜன்னல்?”

முகப்புப் பெண் பேனாவை மூடினாள், திறந்தாள். அந்த மேசைக்கு அப்படி ஒரு பதில் அதுவரை வந்ததில்லை போலிருந்தது.

“சனிக்கிழமைன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?”

“அன்னிக்கு ஆறு மணி ரயில்ல இவ புருஷன் ஊர்லேருந்து வர்றான்.”

தங்கச்சியின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடங்களில் லிஃப்ட் மாட்ட வெளியூர் போவான், மூன்று வாரம் கழித்து வருவான். இந்தத் தடவை கிளம்புவதற்கு முந்தைய நாள் கட்டிலுக்கு அடியில் அவள் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்துவிட்டான். கத்தவில்லை. பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்கினான். ரேடியோவைப் போட்டான். அதன் பிறகுதான் விரல்களைப் பிடித்தான். “மிச்சத்தை வந்து பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு மறுநாள் ரயிலேறினான்.

அவன் வருவதற்குள் தங்கச்சிக்கு ஓர் அறை வேண்டும். அக்காள் வீட்டுக்குப் போனால் முதலில் அங்கேதான் வருவான். வன்முறைத் தடுப்பு ஆய்வு மற்றும் நடைமுறை மையத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறது, அது எங்கே என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள் என்று கடைக்கு ஜிப் மாற்ற வந்த ஒருத்தி சொல்லியிருந்தாள். அதை நம்பி வந்திருந்தார்கள். தங்கச்சிதான் நம்பி வந்தாள். தையல்காரி கூட வந்தாள், அவ்வளவுதான்.

அவளுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. அளவெடுக்காமல் துணியை வெட்டுகிறவனை அவள் நம்ப மாட்டாள். அளவை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்து, துணியை வெட்டாதவனை அதைவிட நம்ப மாட்டாள்.

“அறை காலியா இருக்கா மேடம்?”

“காலியாத்தாம்மா இருக்கு,” என்றாள் முகப்புப் பெண். “ரெண்டு வருஷமாக் காலிதான். அறுபது மார்க் எடுத்தவங்களுக்குத்தான் குடுக்க முடியும். இதுவரைக்கும் யாரும் எடுக்கல.”

இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க் வரை. மேல்மாடியில் ஆய்வு செய்கிறவர்கள் ஏழு வருஷம் உழைத்துத் தயாரித்த கேள்விகளாம். முகப்புப் பெண் கேட்கத் தொடங்கினாள்.

“குடிப்பாரா?”

“இல்ல,” என்றாள் தங்கச்சி.

“வேலைக்குப் போகாம வீட்லயே கெடப்பாரா?”

“ஒரு நாள் லீவு போட மாட்டாரு.”

“அடிக்கிறப்ப கெட்ட வார்த்தை பேசுவாரா?”

“ரேடியோ வைப்பாரு.”

“ரேடியோவுக்குக் கட்டம் இல்லையேம்மா.” முகப்புப் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை. “வேற ஏதாவது சொல்லுங்களேன். முதல் மூணுலயும் சைபர் வாங்குறீங்களே.”

மிச்சக் கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கூட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தாள்.

“அம்பத்தேழு. மூணு மார்க்ல போயிடுச்சும்மா.”

தையல்காரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப என்ன செய்யணும்? அவன்கிட்டப் போய் இன்னும் மூணு மார்க்குக்கு அடிச்சு அனுப்புன்னு சொல்லணுமா?”

“கோவப்படாதீங்கம்மா. மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் குடுக்கலாம். நடுமாடியில ஒரு சார் இருக்காரு, அவரைப் போய்ப் பாருங்க.”

அந்தக் கட்டடம் ஒரு மேட்டின் சரிவில் இருந்தது. கீழ்த்தளத்தின் வாசல் கீழ்த் தெருவில் திறக்கும். அங்கே நடைமுறைப் பிரிவு. மேல்தளத்தின் வாசல் மேட்டுக்கு மேலே இருக்கும் தெருவில் திறக்கும். அங்கே ஆய்வுப் பிரிவு. கீழே வேலை செய்கிறவர்கள் கீழ் வாசலில் வந்து கீழ் வாசலில் போவார்கள். மேலே வேலை செய்கிறவர்களும் அப்படித்தான். மேல் தெருவிலிருந்து கீழ்த் தெருவுக்கு மேட்டைச் சுற்றி நடந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். கட்டடத்துக்குள் ஒரு மாடிப்படி உண்டு. ஏறினால் இரண்டு நிமிஷம். யாரும் முழுசாக ஏறுவதில்லை.

அந்த மாடிப்படி திரும்பும் இடத்தில், நாலடிக்கு நாலடி சதுரத்தில், ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேசையில் ‘இடைவெளிக் குறைப்பு அதிகாரி’ என்று பலகை.

“ஆய்வுக்கும் நடைமுறைக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்குதும்மா,” என்றார் அவர். “அதைக் குறைக்கத்தான் என்னை இங்க போட்டிருக்காங்க.”

“குறைஞ்சுதா சார்?”

“அதுக்குள்ள எப்படி? நாலு வருஷந்தானே ஆச்சு. முதல்ல அளந்தோம். மேல ஒம்பது படி, கீழ ஒம்பது படி. அறிக்கை குடுத்திருக்கேன்.”

“நீங்க மேல போய்ச் சொல்ல மாட்டீங்களா?”

“நானா!” அவர் குரலைத் தாழ்த்தினார். “மேல போனா கீழ இருக்கறவங்க என்னைய மேல் ஆளுன்னு நெனைப்பாங்க. கீழ போனா மேல இருக்கறவங்க சந்தேகப்படுவாங்க. நான் நடுநிலை. காலையில கீழேருந்து காகிதம் இந்த மேசைக்கு வரும். சாயங்காலம் மேலேருந்து வந்து எடுத்துப்பாங்க. நடுவுல காத்துல பறக்காமப் பாத்துக்கறது என் பொறுப்பு.”

அவர் மேசைமேல் ஒரு கருங்கல் இருந்தது. அதன் அடியில் காகிதங்கள் படபடத்தன.

மறுமதிப்பீட்டுப் படிவத்தை அவர் நீட்டினார். களப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து மார்க் போடுவாராம். முகவரி எழுத வேண்டிய இடத்தில் தையல்காரியின் பேனா நின்றது.

“வர்றவரு எப்படி சார் வருவாரு?”

“மையத்தோட பைக்லதான். சட்டை முதுகுல பெருசா எழுதியிருக்கும், ‘வன்முறையை ஒழிப்போம்’னு.”

“அக்கம்பக்கத்துல என்னன்னு கேப்பாரு?”

“இங்க யாராவது யாரையாவது அடிக்கிறாங்களான்னு கேப்பாரு. வேற எப்படிக் கேக்கறது? பயப்படாதீங்க, அதோட விடமாட்டோம். போன பிறகு வீட்டுக்கு ஒரு நன்றிக் கடிதமும் வரும். குடும்பத் தலைவர் பேருக்கு.”

தங்கச்சி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, வேணாம்க்கா. வா போயிடலாம்.”

“சும்மா இருடி,” என்றாள் தையல்காரி. மாடிப்படி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். வாசல் கேட்டின் தூணில் கதவு எண்ணும் தெருப் பெயரும் பித்தளையில் பளபளத்தன. அதைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துக்கூடக் கோணவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை எதுவும் நடக்கவில்லை. புதன்கிழமை கடையை அடைத்துவிட்டு மையத்தின் கீழ் வாசலில் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசல் காவலாளி அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் முழங்கால் வலியைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முதுகில் ‘வன்முறையை ஒழிப்போம்.’ கையிலிருந்த படிவத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்பாடா! மேல் தெருவுலேருந்து ஒருவழிப் பாதையெல்லாம் சுத்திச் சுத்தி வர்றேன்,” என்றார் காவலாளியிடம். “பெரியவரே, இந்த வீடுதானே இது?”

காவலாளி தூணைப் பார்த்தார். “ஆமா. என்ன வேணும்?”

தையல்காரிக்கு விஷயம் புரிந்தது. ஹெல்மெட்காரர் ஆய்வுப் பிரிவின் ஆள். வருஷக்கணக்காக மேல் வாசலில் நுழைந்து மேல் வாசலில் வெளியேறுகிறவர். தான் வேலை பார்க்கும் கட்டடத்தின் முன்பக்கத்தை அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். வாசலுக்கு மேலே மையத்தின் பெயர்ப் பலகை இருந்தது. ஆனால் ஹெல்மெட்டோடு அவ்வளவு அண்ணாந்து பார்க்க முடியாது. படிவத்தில் பலகையைப் பார்க்கச் சொல்லிக் கட்டமும் இல்லை.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தைக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவள் வழக்கம். ஊசி வாயில் இருக்கும்போது யார் என்ன கேட்டாலும் பேசக் கூடாது. இப்போது வாயில் ஊசி இல்லை. இருப்பதாக வைத்துக்கொண்டாள்.

“இங்க எத்தனை பேர் இருக்கீங்க?”

“மேல நாப்பது பேரு, கீழ ஆறு பேரு.”

“அடேயப்பா, கூட்டுக் குடும்பம்!” ஹெல்மெட்காரர் எழுதினார். “மேல இருக்கறவங்களும் கீழ இருக்கறவங்களும் பேசிக்குவீங்களா?”

“பேச்சு வார்த்தையே கெடையாது. எல்லாம் கடுதாசிதான். அதுவும் நடுவுல ஒருத்தரு கல்லு வெச்சுப் பாத்துக்கறாரு.”

“கல்லா?” ஹெல்மெட்டுக்குள் கண்கள் விரிந்தன. “ஆயுதம் உண்டு,” என்று எழுதினார். “பெரிய தலைவர் கோவக்காரரா?”

“வரும். காலையில காப்பி ஆறிப்போச்சுன்னா வரும்.”

“கோவம் வந்தா கையில கெடைச்சதைத் தூக்கி வீசுவாரா?”

“ஃபைலுன்னா தெனமும். போன வாரம் ஸ்டேப்ளரு. மேலேருந்து படி வழியா வீசுனது, என் முழங்காலுக்குப் பக்கத்துல வந்து விழுந்துச்சு.”

“பட்டுச்சா?”

“படல. ஆனா பட்ட மாதிரிதான்.”

“அஞ்சு மார்க்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் ஹெல்மெட்காரர். “நீங்க வெளிய போகணும்னா யார்கிட்ட அனுமதி கேக்கணும்?”

“மூணு பேரு கையெழுத்துப் போடணும். போன மாசம் எங்க சித்தப்பா சாவுக்கே ரெண்டுதான் கெடைச்சுது.”

“கடைசிக் கேள்வி. நிதானமாச் சொல்லுங்க, அவசரமில்ல. எப்பவாவது இந்த எடத்தை விட்டே போயிடலாம்னு தோணியிருக்கா?”

காவலாளி தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். யாரும் அவரை இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

“தெனமும் சார்,” என்றார்.

ஹெல்மெட்காரர் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். படிவத்தில் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தது. பிறகு கூட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்று.

அந்த எண் மேல்மாடியைக் கலக்கிவிட்டது. இரண்டு வருஷத்தில் அறுபதையே பார்க்காத கேள்விகளுக்குத் தொண்ணூற்றொன்று! ஆய்வாளர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்களாம். சனிக்கிழமை மையத்தின் ஆண்டு விழா. ‘ஆய்வு நடைமுறையைத் தொட்டது’ என்று சொல்லிக்கொள்ள இயக்குநருக்கு இதுவரை ஒரு கேஸும் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. கொடுத்த முகவரிக்கு உத்தரவு தபாலில் போனது. வியாழக்கிழமை அது முகப்பு மேசைக்கே வந்து சேர்ந்தது.

முகப்புப் பெண் உத்தரவைப் படித்தாள். உறைமேல் இருந்த முகவரியைப் படித்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரியை வெகுநேரம் பார்த்தாள். தையல்காரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உடனடியாக அறைச் சாவி வழங்கவும்னு போட்டிருக்கும்மா,” என்றாள் முகப்புப் பெண், எதுவும் தெரியாதவள் போல.

“அப்ப குடுத்துடுங்க மேடம்.”

“உடனடின்னா சனிக்கிழமை நாலு மணி. விழாவுல இயக்குநர் கையாலதான் குடுக்கணும்.”

“ஆறு மணிக்கு ரயிலு மேடம்!”

“தெரியும்மா. சாவி அவர் பீரோவுல இருக்கு.” அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி மடித்தாள். “அறை இருக்கற எடம் இது. உங்க தங்கச்சியைத் தவிர யாருக்கும் காட்டாதீங்க. மேல் தெருவுல பஸ் ஏறணும். அஞ்சே காலுக்கு ஒண்ணு. அதை விட்டா ஆறரைக்குத்தான்.”

உதவி செய்கிற முகம்தான். இருந்தாலும் கடைக்குப் போனதும் தையல்காரி அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கீழ்த்தளக் கூடத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். மேல்மாடி ஆட்கள் மேட்டைச் சுற்றி இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். மேடைமேல் ஒரு தட்டு. தட்டில் சாவி. சாவியில் நீல ரிப்பன். மேடைக்கு அருகே மாடிப்படி, நடுவில் நாற்காலியில் இடைவெளி அதிகாரி. அவரைக் கீழே அழைத்தார்கள், வர மறுத்துவிட்டார். இடைவெளி குறைந்துவிட்டதாக அறிவித்தால் தன் மேசை என்ன ஆகும் என்று இரண்டு நாளாக அவருக்குத் தூக்கமில்லை.

வாசலை அடைத்துக்கொண்டு கேமராக்காரர் நின்றார்.

“படம் எதுக்கு சார்?” என்று அவரிடம் கேட்டாள் தையல்காரி.

“நாளைக்குப் பேப்பர்ல வரணும்ல? பயப்படாதீங்க, அவங்க கண்ணுமேல கறுப்புப் பட்டை போட்டுடுவோம்.”

“கண்ணை மறைச்சா சட்டை தெரியாதா? அது நான் தைச்ச சட்டை சார். காலரைப் பாத்தாலே இவ புருஷன் கண்டுபிடிச்சிடுவான்.”

“அப்ப காலருக்கும் ஒரு பட்டை போட்டுக்கலாம்மா,” என்றார் கேமராக்காரர் தாராளமாக.

நாலு மணி விழா நாலே முக்காலுக்குத் தொடங்கியது. இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் அவர் தலைக்கு நேர்மேலே இருந்தது.

“அன்பார்ந்தவர்களே! இந்தக் குடும்பத்தைப் பற்றிய அறிக்கையைப் படித்த நாளிலிருந்து நான் உறங்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே நாற்பத்தாறு பேர். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை மனிதர்களாகவே மதிப்பதில்லை! பேச்சு இல்லை, வெறும் காகிதம்! அந்தக் காகிதத்துக்கும் ஒரு கல் காவல்! வெளியே போக மூன்று அனுமதிகள். வீட்டில் ஒரு முதியவர், பாவம், தம் உறவினரின் மரணத்துக்குக்கூடப் போக முடியாமல் தவித்திருக்கிறார்.”

பின்வரிசையில் நின்ற காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னைப்போலவே இன்னொருவருக்கும் நேர்ந்திருக்கிறது என்று நினைத்தார் போலும்.

“அந்த வீட்டின் தலைவனைப் பற்றிச் சொல்ல என் நா கூசுகிறது. காப்பி ஆறிப்போனதற்காக ஸ்டேப்ளரை எடுத்து வீசுகிறான்! இப்படிப்பட்ட ஒருவனைச் சுற்றியிருப்பவர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்? ஏன் ஒருவர்கூட எழுந்து கேள்வி கேட்பதில்லை? நான் அந்த இடத்தில் இருந்திருந்தால்...”

கூடத்தில் அந்த நாற்பத்தாறு பேரில் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. முகப்புப் பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ முதலில் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். வேறு வழி இல்லாததால் பலமாகத் தட்டினார்கள்.

ஐந்து அடித்து மூன்று நிமிஷம். தங்கச்சியின் கை தையல்காரியின் கையைத் தேடிப் பிடித்தது.

ஆய்வின் வரலாற்றை இயக்குநர் தொடக்கத்திலிருந்து சொன்னார். கேள்வித்தாளைப் புகழ்ந்தார். ஹெல்மெட்காரருக்குச் சால்வை போர்த்தினார். மணி ஐந்து எட்டு. பஸ்ஸுக்கு இன்னும் ஏழு நிமிஷம்.

“சாவியை வழங்கும் முன், இந்தச் சகோதரி தன் வாயால் தன் கதையைச் சொல்லப் போகிறார். வெட்கப்படாமல், முதல் அடியிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் அம்மா. அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.”

தங்கச்சி எழுந்தாள். சால்வையைத் தலையோடு போர்த்துக்கொண்டு மேடை ஏறினாள். கேமராக்காரர் ஒரு கண்ணை மூடினார். இயக்குநர் ஒலிபெருக்கியை அவள் பக்கம் சாய்த்தார்.

கட்டுப் போட்ட கையை நீட்டித் தட்டிலிருந்த சாவியை எடுத்தாள். இரண்டு விரல் மடங்காததால் ஒரு தடவை நழுவியது. மறுபடி எடுத்தாள். ரிப்பன் அவிழ்ந்து தட்டிலேயே கிடந்தது.

“நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை பாருங்கள்!” என்றார் இயக்குநர் கூட்டத்தைப் பார்த்து.

அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. மேடையின் பக்கவாட்டில் இறங்கி மாடிப்படியில் கால் வைத்தாள். “அம்மா, அங்க பொதுமக்கள் போகக் கூடாது,” என்று யாரோ சொன்னார்கள். ஆனால் அதைத் தடுப்பது கீழ்ப்பிரிவின் வேலையா மேல்பிரிவின் வேலையா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் இடைவெளி அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் கருங்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெருங்கி வரும் பெண்ணைப் பார்த்தார். நாலு வருஷத்தில் அந்தப் படியில் ஒரு ஆள் கீழிருந்து மேலே போவதை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

தையல்காரி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலியான நாற்காலிமேல் தன் பையை எடுத்து வைத்தாள், இடம் பிடித்து வைத்திருப்பது போல.

இடைவெளி அதிகாரி எழுந்தார். மேசையைச் சுவரோடு தள்ளினார், நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு ஆள் போகுமளவுக்கு வழி உண்டாயிற்று. தங்கச்சி அவரைக் கடந்தாள். மிச்சம் ஒன்பது படி. மேலே கதவு திறந்தபோது தெரு வெளிச்சம் படிகளில் விழுந்தது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, அக்காளைக்கூட. ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டாள்.